வசனமே இல்லாமல் ஒரு தூக்கம்

கேள்வி: இயக்குநர் சிங்கீதம் சீனிவாசராவ் படங்களில் எது ஒன்றைப் போல இன்னொன்று இருக்கிறது? அவருக்கென்று பாணி உண்டா? - வாசகி, திண்டுக்கல்

பதில்: 'ராஜபார்வை'யில் பார்வையற்ற வயலின் கலைஞன், 'மயூரி'யில் செயற்கைக் காலோடு ஆடும் சுதா சந்திரன், 'அபூர்வ சகோதரர்க'ளில் குள்ள அப்பு, தெலுங்கில் கால இயந்திரம். கதைகள் வேறு வேறுதான். ஆனால் சிக்கலைக் காட்சியாலேயே அவிழ்ப்பது அவர் பாணி.

1987-இல் வந்த 'பேசும் படம்' பாருங்கள். வசனமே கிடையாது. நட்சத்திர ஹோட்டலின் நிசப்தத்தில் ஏழை கமலுக்குத் தூக்கம் வரவில்லை. பழைய குடியிருப்புக்குப் போய் அங்குள்ள இரைச்சலை டேப்பில் பதிந்து வருகிறார். அதை ஓடவிட்டதும் தூங்கிவிடுகிறார். நானும் சந்தைத் தெருவில் வளர்ந்தவன். அந்தக் காட்சியில் எனக்கு எப்போதும் கண் கலங்கும்.