ரசீதில் ‘அர்ஜாந்’ என்று எழுதியிருக்கிறது, ஜாடி வெள்ளி இல்லை

கோவையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “போன மாதம் மகளைப் பார்க்க பாரிஸ் போயிருந்தேன். அங்கே சாந்துவான் பழம்பொருள் சந்தைக் கடை ஒன்றில் பழைய வெள்ளி காபி ஜாடி வாங்கினேன். 380 யூரோ, கார்டில் கொடுத்தேன். கடைக்காரர் கையால் எழுதிய ரசீதில் ‘அர்ஜாந்’ என்று இருக்கிறது. இங்கே நகைக்கடையில் உரசிப் பார்த்துவிட்டு, உள்ளே பித்தளை, மேலே வெறும் முலாம் என்கிறார்கள். வெளியே சொல்லவே கூச்சமாக இருக்கிறது. இன்னொரு பொட்டிக்கில் வாங்கிய கோட்டும் பிடிக்கவில்லை. இரண்டையும் திருப்பிக் கொடுக்க முடியுமா?”

கோட்டை முதலில் முடித்துவிடுவோம். பிரான்சில் 14 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமை ஆன்லைன் போன்ற தொலைவு விற்பனைக்குத்தான். கடைக்குப் போய்ப் பார்த்து வாங்கியதற்கு அது கிடையாது. மாற்றித் தருவோம் என்று பில்லில் எழுதியிருந்தால் மட்டும் மகளை அனுப்பிக் கேளுங்கள்.

ஜாடி விஷயம் வேறு. இதில் நீங்கள் கூச்சப்பட ஒன்றுமே இல்லை. ‘அர்ஜாந்’ என்றால் வெள்ளி. முலாம் பூசியது என்றால் ‘மெத்தால் அர்ஜாந்தே’ என்று எழுத வேண்டும். பழம்பொருள் விற்கிறவர், வாங்குகிறவர் கேட்டால், அது எதனால் ஆனது, எந்தக் காலத்தது என்று எழுதி ரசீது தர வேண்டும் என 1981-ஆம் ஆண்டு ஆணையே இருக்கிறது. எழுதிக் கொடுத்த சொல்லுக்கு அவர் பொறுப்பு. அந்தத் தாளைத் தொலைத்துவிடாதீர்கள்.

அடுத்து, ஜாடியின் அடிப்பாகத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். பிரெஞ்சு வெள்ளிப் பொருளில் செய்தவரின் முத்திரை சாய்சதுரத்துக்குள் இருக்கும். கூடவே 1838 முதல் வழக்கத்தில் உள்ள மினர்வா தேவியின் தலை முத்திரை. முலாம் பூசியதில் செய்தவரின் முத்திரை சதுரத்துக்குள் இருக்கும். சதுரம்தான் என்றால் உங்களுக்கு நல்ல ஆதாரம், படம் எடுத்து வையுங்கள். இனி யாரையும் உரசவோ மெருகேற்றவோ விடாதீர்கள். ‘நீங்கள்தான் கெடுத்தீர்கள்’ என்று கடைக்காரர் சொல்ல இடம் கொடுக்கக் கூடாது.

சட்டம் உங்கள் பக்கம் பலமாகவே இருக்கிறது. பொருளின் முக்கியத் தன்மையைத் தவறாக நம்பி வாங்கினால் அந்த விற்பனையை ரத்து செய்யக் கேட்கலாம் என்கிறது பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 1132-ஆம் பிரிவு. உண்மை தெரிந்த நாளிலிருந்து 5 ஆண்டு அவகாசம். ரசீதில் 14 இலக்க ‘சிரே’ எண் இருந்தால் அவர் பதிவு செய்த வியாபாரி. அப்போது 2 ஆண்டு நுகர்வோர் உத்தரவாதமும் சேரும். பழைய பொருளாக இருந்தாலும் முதல் 12 மாதத்தில் தெரியவரும் குறை விற்கும்போதே இருந்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும்; இல்லை என்று காட்ட வேண்டியது அவர்.

சரி, என்ன செய்வது? இங்குள்ள நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டாம் என்பதே என் கருத்து. 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம்தான். ஆனால் இந்தியாவில் ஒரு பொருளும் இல்லாத பாரிஸ் கடைக்காரரிடமிருந்து அந்த உத்தரவை வைத்துப் பணம் வாங்குவது பெரும்பாடு. மகள் அங்கேயே இருப்பது நல்லதாயிற்று. ரசீது நகல், முத்திரைப் படம், நகைக்கடைக்காரர் எழுதிக் கொடுக்கும் சான்று மூன்றையும் சேர்த்து, ஜாடியை எடுத்துக்கொண்டு 380 யூரோவைத் திருப்பித் தரும்படி ஒப்புகையுடன் கூடிய பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பச் சொல்லுங்கள். மசியவில்லை என்றால் நீதிமன்றச் சமரசர் இருக்கிறார், அவருக்குக் கட்டணம் கிடையாது. 5,000 யூரோ வரையிலான பண வழக்குக்கு முன் இப்படி ஒரு சமரச முயற்சி எப்படியும் கட்டாயம்.

கடிதம் போன கையோடு உங்கள் வங்கிக்கும் எழுதுங்கள். ‘சொன்ன பொருள் வேறு, கொடுத்த பொருள் வேறு’ என்று கார்டு பரிவர்த்தனையை எதிர்த்துப் புகார் கொடுக்கலாம். கடைக்காரரிடம் முதலில் கேட்டீர்களா என்று வங்கி பார்க்கும், அதற்கும் அந்தக் கடிதம் உதவும். இதற்கான கெடு பொதுவாக 120 நாள். உங்களுக்கு ஒரு மாதம் போய்விட்டது, இந்த வாரமே தொடங்கிவிடுங்கள்.