காணியை ஈடு வைக்காதீர்கள் அம்மா

பெரியகல்லாற்றிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகன் உயர்தரத்தில் பொறியியல் தொழில்நுட்பம் எடுத்தவன். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி கெம்பசுக்குக் காணாது. கட்டாரில் இருக்கும் தாய்மாமன் கொழும்பில் தனியார் நிறுவனமொன்றில் கியூ.எஸ்., அதாவது கட்டட வேலையின் அளவையும் செலவையும் கணக்கிடும் படிப்பு, படிக்கச் சொல்கிறார். பாதிக் காசு அவர் தருவாராம், மீதிக்கு வயற்காணியை ஈடு வைக்க வேண்டும். மகனோ பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே சந்தியிலுள்ள சைக்கிள் கடையில்தான் கிடக்கிறான். கைவிட்டுக் கிடந்த ராலி என்ற ஆங்கிலேயச் சைக்கிள் ஒன்றைக் கழற்றிப் பூட்டி ஓடவும் வைத்துவிட்டான். "இவனை என்ன செய்யிற சேர்?" என்று கேட்கிறார்.

அம்மா, உங்கள் கவலை விளங்குகிறது. ஆனால் அந்தக் காணி மகனின் தங்கச்சிக்கு எழுத வைத்திருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதைத் தொடாதீர்கள். படிப்பு பாதியில் நின்றாலும் வட்டி நிற்காது.

கியூ.எஸ். கெட்ட படிப்பில்லை. அளவும் கணக்கும் வரைபடமும் பிடித்த பிள்ளைக்கு நல்ல தொழில். உங்கள் மகன் அதை ஒருதரமாவது கேட்டானா? கடிதம் முழுக்க மாமா சொன்னார், சித்தி சொன்னார், பக்கத்து வீட்டுப் பிள்ளை டோகாவில் என்றுதான் இருக்கிறது. மாமாவுக்குத் தெரிந்தது உலகக் கிண்ணத்துக்காக மைதானங்கள் கட்டிக்கொண்டிருந்த கட்டார். ஆட்டம் 2022இலேயே முடிந்துவிட்டது. மகன் படித்து முடிக்கும் வருடத்தில் அங்கே என்ன வேலை இருக்கும் என்று மாமாவாலும் சொல்ல முடியாது.

தொழில்நுட்பக் கல்லூரி, கணினி டிப்ளோமா பற்றியெல்லாம் ஊரே உங்களுக்குச் சொல்லியிருக்கும். நான் சைக்கிள் கடைக்கு வருகிறேன்.

சைக்கிள் கடை என்றதும் காற்றடிப்பதும் டியூப் ஒட்டுவதும்தான் உங்கள் கண்ணுக்குத் தெரியும். நான் சொல்வது பழைய வண்டியைப் பிறந்த கோலத்துக்குக் கொண்டுவருவதும், ஆளின் உயரத்துக்கும் தேவைக்கும் ஏற்றபடி புதிதாகக் கட்டிக் கொடுப்பதும். பழைய ராலி ஒன்று வந்தால் முதலில் பிரேம் நேரா என்று பார்க்க வேண்டும். பின்சில்லு பூட்டும் இடத்தில் நூலைக் கட்டி, முன் கழுத்தைச் சுற்றி, மறுபக்கம் கொண்டுவந்து இறுக்கி, சீட்டுக் குழாய்க்கும் நூலுக்குமான இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றா என்று அளப்பார்கள். பிசகியிருந்தால் வண்டி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே போகும். பிரேமின் அடியில் பெடல் கைகளைத் தாங்கும் அச்சின் வலப்பக்கக் கிண்ணம் இடப்புரி. தெரியாதவன் வழக்கம்போலத் திருகினால் கழற்றுவதற்குப் பதில் இறுக்கிவிடுவான். அதிலும் பழைய ராலிக்கு அங்குலத்துக்கு 26 புரி, மற்ற ஆங்கிலேய வண்டிகள் பலவற்றுக்கு 24. மாற்றிப் பூட்டினால் பிரேமே வீண். அந்தக்கால வண்டிகளில் முன்சில்லுக்கு 32 கம்பி, பின்சில்லுக்கு 40. பாரம் பின்னால்தானே விழுகிறது. அத்தனையையும் கோத்து, தட்டினால் எழும் சத்தத்தை வைத்தே இறுக்கம் பார்க்கிற கை சும்மா வராது. ஸ்டர்மி ஆர்ச்சர் கொம்பனியின் மூன்று கியர் ஏ.டபிள்யூ. ஹப், அதாவது பின்சில்லின் நடுப்பாகம், 1936இல் வந்தது. செய்த வருடம் பெரும்பாலும் ஹப்பின் மேலேயே குத்தியிருக்கும். வண்டியின் வயதை அதை வைத்தே சொல்வார்கள். குழாயோடு குழாயைப் பித்தளையால் ஒட்டுவதற்குக் கிட்டத்தட்ட 900 பாகை சூடு வேண்டும். கூடினால் குழாய் கெடும், குறைந்தால் பித்தளை உள்ளே ஓடாது. தொழில்நுட்பப் பாடத்தில் இவன் படித்த உலோகமும் வெப்பமும் இங்கேதான் உயிரோடு கிடக்கின்றன.

இதற்கு ஆள் வருமா? 2022இல் பெற்றோல் வரிசை நீண்டபோது வீட்டு மூலையில் கிடந்த சைக்கிளையெல்லாம் சனம் இழுத்துக்கொண்டு வந்ததை நீங்களும் கண்டிருப்பீர்கள். அந்த நெரிசல் போய்விட்டது, அதை நம்பித் தொழில் தொடங்கச் சொல்லமாட்டேன். நான் நம்புவது வேறு ஆட்களை. ஐஸ்பெட்டி தாங்கும் கரியர் வேண்டுகிற மீன் வியாபாரி. காலை இழந்தவர், கையால் சுற்றி ஓட்டும் மூன்று சில்லு வண்டி அவருடைய கை நீளத்துக்கு அமைய வேண்டும், கொம்பனி வண்டி அப்படி வராது. பாசிக்குடாவிலும் அறுகம்பையிலும் சைக்கிள் வாடகைக்கு விடுபவர்கள்; உப்புக்காற்று செயினையும் ரிம்மையும் தின்னும் இடம் அது. அறுகம்பையில் சீசன் தொடங்குமுன் எல்லா வண்டியையும் அவர்கள் ஒருதரம் பிரித்துப் பூட்டியே ஆகவேண்டும்.

தாளும் வேண்டும்தான். தொழிற்பயிற்சி அதிகாரசபையில் வெல்டிங் பாடநெறியைத் தேசிய தொழிற்தகைமை மட்டத்தோடு முடிக்கட்டும். கடையில் பழகிய கைவேலையை, பயிலுனர் பயிற்சிக்கான அரச நிறுவனமான நைட்டாவின் முன்கற்றல் அங்கீகாரத்தில் (ஏற்கெனவே கற்றதைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் முறை) எந்தத் தொழிலின் கீழ் மதிப்பிடலாம் என்று மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். அந்தத் தகைமை ஏழாம் மட்டம் வரை, பட்டம் வரை போகிறது. பின்னால் படிக்க மனம் வந்தால் வழி இருக்கிறது.

இனி உங்களிடமும் கறாராகச் சில சொல்ல வேண்டும். முதல் வருடம் பெரிய காசு வராது. முதலாளியிடம் நாட்கூலியை வாயால் பேசாமல் கொப்பியில் எழுதுங்கள். மாதக்கணக்கில் கடை கூட்டவும் தேநீர் வாங்கவும் மட்டும் வைத்திருந்தால் பிள்ளையை எடுத்துவிடுங்கள். கண்ணாடி போடாமல் நெருப்பு வேலை செய்ய விடாதீர்கள். சொந்தக் கடைக்கென்று லீசிங்கோ கடனோ இப்போது கூடவே கூடாது. இவனுக்குப் பிடித்தது வேலைதானா, ஓட்டமும் கூட்டாளிகளுமா என்றும் பார்க்க வேண்டும். துருப்பிடித்த பிரேம் ஒன்றை ஒரு கிழமை முழுக்கத் தனியே சுரண்டவும் அராவவும் விடுங்கள். மூன்றாம் நாள் அலுத்துவிட்டால் எனக்குச் சொல்லுங்கள், வேறு யோசிப்போம்.

சைக்கிள்காரனுக்கு யார் பெண் கொடுப்பார் என்று சித்தி கேட்டாராம். பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு அந்தக் கேள்வி இப்போது எதற்கு?

மாமா விடமாட்டார் என்றால், அந்த நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்ததா, கடைசியில் பட்டம் கொடுப்பது யார், பாதியில் விலகினால் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்று எழுத்தில் வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். ஒருநாள் மகனையும் கூட்டிக்கொண்டு நேரில் வாருங்கள். மாமா போனில் வரட்டும், ஆனால் மகன் பேசி முடித்த பிறகு.