தோள் இறங்கிய கோட்டும் தொட்டாற்சிணுங்கி மனசும்

கேள்வி: என் கல்யாணத்துக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறது. சூட் எடுக்க அக்காவோடு ஒரு கடைக்குப் போனேன். இருபது நிமிடம் யாரும் எங்களைக் கவனிக்கவில்லை. அப்புறம் வந்த சேல்ஸ்மேன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நான் கை காட்டிய கோட்டை "அது உங்க பட்ஜெட்டுக்கு வராது சார்" என்றார். ரெடிமேடில் கோட் சரியாக இருந்தால் பேன்ட் இடுப்பில் ஏறவில்லை. "உங்க உடம்பு அப்படி" என்றார். வேறு வழி தெரியாமல் அங்கேயே அளவு கொடுத்து, பாதிப் பணம் அட்வான்ஸும் கட்டிவிட்டேன். முதல் ட்ரையலில் தோள் இரண்டு பக்கமும் இறங்கித் தொங்கியது. முதுகுப் பக்கம் துணியைக் கையால் பிடித்துக்கொண்டு, "போட்டுப் பழகினா உட்கார்ந்துடும்" என்கிறார். அடுத்த ட்ரையலுக்கு இரண்டு தடவை போயும் "ரெடியாகலை". அக்கா சத்தம் போட்டார், நான்தான் வெட்கப்பட்டு வெளியே இழுத்து வந்தேன். அட்வான்ஸ் போனால் போகட்டும் என்று விட்டுவிடலாமா? இல்லை, எனக்குத்தான் தொட்டாற்சிணுங்கி மனசா?

பதில்: தம்பி, மனசைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் தோளைப் பார்ப்போம், நாள் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரு கோட்டில் இடுப்பைப் பிடித்து விடலாம், கை நீளத்தைக் குறைக்கலாம், பேன்ட்டின் கால் நீளத்தை மடித்துத் தைக்கலாம். இதெல்லாம் நல்ல தையல்காரருக்குச் சின்ன வேலை. தோள் அப்படியில்லை. காலர், கை, உள்ளே வைத்த பேட், நெஞ்சுப் பகுதியின் உள்துணி எல்லாம் வந்து சேரும் இடம் அது. அதைக் குறைக்க வேண்டுமானால் கையைக் கழற்றி, பேடை எடுத்து, துணியை மறுபடி வெட்டி, கையை மறுபடி ஏற்ற வேண்டும். பாதிக் கோட்டைப் புதிதாகத் தைப்பது மாதிரி. அதனால்தான் உங்கள் சேல்ஸ்மேன் அந்தப் பேச்சையே எடுக்காமல் முதுகைப் பிடித்துக்கொள்கிறார்.

அந்த முதுகைப் பிடிக்கும் வித்தை எனக்குப் பழக்கம். என் தம்பிக்குக் கோட் எடுத்தபோது கடைக்காரர் இதையேதான் செய்தார். கண்ணாடியில் முன்பக்கம் சிலை மாதிரி இருந்தது, நாங்களும் தலையாட்டிவிட்டு வந்தோம். ஆல்பத்தில் அவன் பக்கவாட்டில் நிற்கிற ஒவ்வொரு படத்திலும் தோளுக்குக் கீழே ஒரு குழி. ஆகவே அடுத்த ட்ரையலில் "கையை எடுங்க சார்" என்று சொல்லிவிட்டு, கோட்டை அதன் போக்கில் தொங்க விடுங்கள். சுவர் ஓரமாகப் பக்கவாட்டில் நின்று மெல்லச் சாயுங்கள். உங்கள் புஜம் சுவரைத் தொடுவதற்கு முன்னால் பேட் தொட்டுவிட்டால் தோள் பெரிது, அதில் வாதத்துக்கே இடமில்லை. காலர் சட்டைக் காலரோடு ஒட்டி நிற்கிறதா, பட்டன் போட்டதும் வயிற்றின் குறுக்கே பெருக்கல் குறி மாதிரி சுருக்கம் விழுகிறதா என்பதையும் பாருங்கள். முதுகுப் பக்கத்தை அக்கா போனில் படம் எடுக்கட்டும். அதற்காகவாவது அவர் கூட வர வேண்டும்.

"போட்டுப் பழகினா உட்கார்ந்துடும்" என்பது பாதி உண்மை. நல்ல கம்பளித் துணிக் கோட் போடப் போட உடம்புக்கு இணக்கமாகும். ஆனால் போட்டுப் பழகியதால் தோளின் அகலம் குறைந்த கோட் எதையும் நான் பார்த்ததில்லை.

சரி, கடைக்கு எப்படிப் போவது? கூட்டமில்லாத வேலை நாளில், காலையிலேயே போங்கள். கல்யாணத்தன்று போடப்போகிற சட்டையும் ஷூவும் உங்களோடு இருக்கட்டும். ஷூ இல்லாமல் பேன்ட் நீளம் பார்ப்பது வீண், சட்டை இல்லாமல் கை நீளம் பார்ப்பதும் வீண் (கோட்டின் கைக்கு வெளியே சட்டையின் கஃப் அரை அங்குலம் போலத் தெரிய வேண்டும்). சேல்ஸ்மேனிடம் பேசி நேரத்தை வீணாக்காமல் கட்டிங் மாஸ்டரை வரச் சொல்லுங்கள். அளவு தெரிந்தவரிடம் பேச்சு சீக்கிரம் முடியும். "தோள் பெரிசா இருக்கு, மறுபடி வெட்டித் தர முடியுமா? எந்தத் தேதிக்குள்?" இவ்வளவு கேட்டால் போதும். முடியும் என்றால் அடுத்த ட்ரையல் ஒரு தேதி, கையில் கொடுப்பது ஒரு தேதி, இரண்டையும் பில்லிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கையில் கொடுக்கும் தேதி கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்னதாக இருக்க வேண்டும். கல்யாண அலைச்சலில் மாப்பிள்ளைகள் இளைப்பதும் உண்டு, விருந்து விருந்தாகப் போய் ஊதுவதும் உண்டு. கடைசி நேரத்தில் பிடித்து விடவோ பிரித்து விடவோ அந்த இரண்டு வாரம் வேண்டும்.

முடியாது என்றாலோ, எழுதித் தர மழுப்பினாலோ, அன்றைக்கே கணக்கை முடியுங்கள். உங்கள் அளவுக்கு வெட்டிய துணி என்பதால் முழு அட்வான்ஸையும் திருப்பித் தரத் தயங்குவார்கள். துணிக்கான பணத்தைக் கழித்துக்கொண்டு தையல் கூலியைத் திருப்பிக் கேளுங்கள். அதுவும் வராமல் போனாலும் நான் உங்கள் இடத்தில் இருந்தால் கிளம்பிவிடுவேன். அட்வான்ஸை அப்புறமும் கேட்கலாம், ஆறு வாரத்தைக் கேட்க முடியாது. இனி புதிதாகத் தைக்கக் கொடுப்பதைவிட, கோட்டும் பேன்ட்டும் தனித்தனி சைஸில் எடுக்க முடிகிற ரெடிமேட் கடைக்குப் போய், தோள் சரியாக உள்ள கோட்டை எடுத்து மற்றதை ஆல்டர் செய்துகொள்வது பத்திரம். இரண்டும் ஒரே துணிதானா என்று வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். கறுப்பிலும் கருநீலத்திலும் சாயம் கொஞ்சம் மாறினாலும் வெயிலில் காட்டிக்கொடுத்துவிடும்.

"உங்க உடம்பு அப்படி" என்றாரே, அது அறியாமையில் வந்த பேச்சு. ஜோடியாக விற்கும் ரெடிமேட் சூட்டுகளில் பெரும்பாலும் மார்பளவைவிட பேன்ட் இடுப்பு ஆறு அங்குலம் குறைவாக வைத்து வெட்டுவார்கள். மார்பு 40 என்றால் இடுப்பு 34. எத்தனை பேருக்கு அந்தக் கணக்கு ஒத்துவரும்? சூட்டின் கணக்கு உங்களுக்குச் சேரவில்லை, அவ்வளவுதான்.

பட்ஜெட் பேச்சை மட்டும் என்னால் அப்படி விட முடியவில்லை. காலையிலிருந்து நின்றுகொண்டே இருப்பவருக்குக் கால் வலிக்கும், சலிப்பு வரும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வருகிறவரின் சட்டையைப் பார்த்து விலை முடிவு செய்வது சலிப்பில் சேராது. இதில் காயப்பட்டதற்குத் தொட்டாற்சிணுங்கி என்று உங்களையே திட்டிக்கொள்ள வேண்டாம். முதலாளியிடம் சொல்லத்தான் வேண்டும். நடந்ததை நடந்தபடி, குரல் உயர்த்தாமல் சொல்லுங்கள். எப்போது என்றால், கோட் கைக்கு வந்த பிறகு. உங்கள் துணி அவர்கள் கத்தரிக்கோலுக்குக் கீழே இருக்கும்போது கோபத்தை முழுக்க இறக்குவது புத்திசாலித்தனமில்லை. அக்காவிடமும் இதைச் சொல்லி வையுங்கள், அவர் முறை வரும்.

இன்னொன்று. கோட் கைக்கு வந்ததும் பின்பக்கத் திறப்பின் நுனியில் பெருக்கல் குறி மாதிரி ஒரு நூல் போட்டிருப்பார்கள், ரெடிமேடாக இருந்தால் கையில் ஒரு லேபிளும் தொங்கும். இரண்டும் கழற்றுவதற்காகவே வைத்தவை. கல்யாணத்துக்கு முந்தின நாளே சின்னக் கத்தரியால் பிரித்துவிடுங்கள், துணியைக் கிழித்துவிடாமல்.