நெற்வேர்க்கைச் சோதிப்பவரிடம் கேளுங்கள்

நிறுவனங்களின் நெற்வேர்க்கைத் தணிக்கை செய்வதும், அவர்கள் கேட்டுக்கொண்டால் உடைத்து உள்ளே போக முடிகிறதா என்று பார்ப்பதும் என் வேலை. யாழ்ப்பாணத்துக் கடைகளில் இருந்தும் கந்தோர்களில் இருந்தும் வந்த கேள்விகளுக்கு, வந்த ஒழுங்கிலேயே பதில் தருகிறேன்.

கஸ்தூரியார் வீதி, நகைக்கடை உரிமையாளர்: ஒருத்தர் ஓடிட் எண்டு விலை சொல்லுறார். மற்றவர் பென்டெஸ்ட் எண்டு அதைவிடக் கூடச் சொல்லுறார். ரெண்டும் ஒண்டுதானே?

இல்லை ஐயா. ஓடிட், அதாவது தணிக்கை என்பது வளவைச் சுற்றி நடந்து பார்ப்பது. எத்தனை கதவு, எந்தத் திறப்பு யாரிடம், வேலையை விட்டுப் போன பொடியனின் கணக்கு இன்னும் திறந்திருக்கிறதா, றவுட்டருக்குக் கடைசியாக எப்போது அப்டேட் போட்டது என்று ஒவ்வொன்றாகப் பதிவது. பென்டெஸ்ட் எனும் ஊடுருவல் சோதனையில், உங்கள் அனுமதியோடு ஒருவர் வேலியில் பொட்டுத் தேடி உண்மையாகவே உள்ளே வந்து, எதுவரை போக முடிந்தது என்று காட்டுவார். உங்களுக்கு முதலில் தேவை தணிக்கை. தன்னிடம் என்னென்ன இருக்கிறது என்றே தெரியாத கடைக்குள் முதல் நாளே போய்விடலாம். அதை அறிய அவ்வளவு காசு கொடுக்க வேண்டாம்.

எதைச் செய்வித்தாலும், கையெழுத்திட்ட கடிதம் இல்லாமல் ஒருவரையும் தொட விடாதீர்கள்.

திருநெல்வேலி, மாணவர்: நெற்வேர்க்கைச் சோதிக்கிற கருவியள் உள்ள காளி லினக்ஸ் படிக்கிறன். பக்கத்துக் கடையின்ர வைஃபையை உடைச்சுப் பாத்தன், திறந்துட்டுது. அவைக்குச் சொல்லி உதவலாமா?

தம்பி, இதோடு நிறுத்துங்கள். அனுமதி இல்லாமல் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி குற்றம். உதவத்தான் செய்தேன் என்பது உங்களைக் காப்பாற்றாது. வீட்டுக் கணினியில் இரண்டு மெய்நிகர் இயந்திரங்களை, அதாவது கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினிகளை, நிறுவி, ஒன்றிலிருந்து மற்றதைத் தாக்கிப் பழகுங்கள். தொழிலுக்கு வரும்போது கடிதத்தில் இவை இருக்க வேண்டும்: எந்த ஐ.பி முகவரிகள் (நெற்வேர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள இலக்கம்), எந்த நாட்கள், எந்த நேரம், எதைத் தொடக்கூடாது, நடுச்சாமத்தில் சேர்வர் விழுந்தால் யாரை அழைப்பது. கையெழுத்திடுபவர் அந்தச் சேர்வருக்கு உரியவர்தானா என்றும் பாருங்கள்.

கொக்குவில், ஐ.ரி பொறுப்பாளர்: நெற்வேர்க்கில ஓட்டையளைத் தேடுற ஸ்கேன் மென்பொருள் ஓட்டினன். சிவப்பிலயும் மஞ்சளிலயும் 200க்கு மேல வந்திருக்கு. அதை அச்சடிச்சுக் குடுத்தால் அறிக்கை தானே?

அது அறிக்கைக்கான மூலப்பொருள். ஒரு நிறுவனத்தில் நடந்ததைச் சொல்கிறேன். சி.சி.ரி.வி பதிவுப் பெட்டியில், வாங்கும்போதே போட்டு வரும் தொழிற்சாலைப் பாஸ்வேர்ட் மாற்றப்படவில்லை. பெட்டி கணக்குப் பிரிவு இருக்கும் அதே நெற்வேர்க்கில் இருந்தது. அதற்குள் இருந்தபடி தேடியபோது எல்லோருக்கும் திறந்த ஒரு ஃபோல்டர், அதற்குள் ஓர் எக்செல் தாள், அந்தத் தாளில் சேர்வரின் நிர்வாகிப் பாஸ்வேர்ட். ஸ்கேன் இவற்றில் இரண்டை நடுத்தரம் என்று மஞ்சளில் காட்டியது. எக்செல் தாளை அது காணவே இல்லை. மூன்றையும் ஒரு கயிற்றில் கோர்த்துப் பார்க்க மனிதர் வேண்டும். தொழிற்சாலைப் பாஸ்வேர்ட்டைச் சின்ன விஷயம் என்று விடாதீர்கள். 2016இல் மிராய் என்ற தீநிரல் அப்படியான 60க்கு மேற்பட்ட பயனர்பெயர்-பாஸ்வேர்ட் சோடிகளை வைத்தே கமராக்களையும் றவுட்டர்களையும் பிடித்தது.

சுன்னாகம்: எந்த அன்ரிவைரஸ் திறம்?

அப்டேட் ஆகிக்கொண்டிருப்பது.

நல்லூர், காசாளர்: எங்கட இடத்தில சோதனைக்கெண்டு பொய் மின்னஞ்சல் ஒண்டு அனுப்பினவை. சம்பளப் பட்டியல் எண்டிருந்தது, நான் அழுத்திப்போட்டன். பிறகு கூட்டத்தில என்ர பெயரை வாசிச்சவை. இது சரியா?

சரியில்லை, தங்கச்சி. சோதித்தவரும் வாசித்தவரும் பிழை செய்தார்கள். சம்பளம் என்றால் யாரும் திறப்பார்கள். அதை நம்பித்தான் அந்தத் தலைப்பைப் போடுவது. நான் எழுதும் அறிக்கையில் பெயர் இருக்காது. எத்தனை பேர் அழுத்தினார்கள், முதலாவது ஆள் எத்தனை நிமிடத்தில் ஐ.ரிக்குச் சொன்னார் என்ற இரண்டும்தான் இருக்கும்.

ஸ்ரான்லி வீதி, முகாமையாளர்: பெயர் சொல்லாட்டி ஒருத்தரும் திருந்தமாட்டினம். நான் வாசிச்சனான், அடுத்த முறை பாதிப் பேர்தான் அழுத்தினவை.

அண்ணை, அடுத்த முறை எத்தனை பேர் தாமாக வந்து சொன்னார்கள்? அந்தக் கணக்கையும் எடுத்துப் பாருங்கள். அழுத்தி ஐந்து நிமிடத்தில் "நான் பிழை விட்டிட்டன்" என்று தொலைபேசி எடுப்பவரைவிட நல்ல காவல் உங்களிடம் இல்லை. அந்தக் கணினியை உடனே கழற்றிவிடலாம். அவமானப்பட்டவர் அடுத்த முறை வாய் திறக்கமாட்டார்.

வைத்தியசாலை வீதி, எழுதுவினைஞர்: முகாமையாளருக்கும் அதே மின்னஞ்சலை அனுப்பினவையோ?

நல்ல கேள்வி. அனுப்ப வேண்டும். காசு மாற்ற அதிகாரம் உள்ளவரைத்தான் களவாளி முதலில் தேடுவான்.

ஸ்ரான்லி வீதி, முகாமையாளர்: திரும்பத் திரும்ப அழுத்துறவரை என்ன செய்யிறது?

தனியாகக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுங்கள். அதோடு ஓர் அழுத்தலில் கொம்பனி விழாதபடி செய்யுங்கள்: மின்னஞ்சலுக்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு, சாதாரணக் கணக்குகளில் இருந்து நிர்வாகி உரிமையை எடுத்தல், வங்கி இலக்கம் மாறியது என்று வந்தால் பழைய தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துக் கேட்டல். ஒருவரின் விரலில் முழு நிறுவனமும் தொங்கினால் அது அந்த விரலின் குற்றமில்லை.

மானிப்பாய்: எங்கட சின்னக் கடையை ஆர் தாக்கப்போறான்?

2017 மே 12இல் பரவத் தொடங்கிய வனாக்ரை, கோப்புகளைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கும் தீநிரல், யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. கோப்புப் பகிர்வுக்கான வாசலான 445ஆம் போர்ட் திறந்திருந்த, அப்டேட் போடாத விண்டோஸ் கணினி அகப்பட்டால் அதிலிருந்து அடுத்ததற்குத் தாவியது. ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசொஃப்ட் மார்ச் 14இலேயே வெளியிட்டிருந்தது. உங்கள் பில் போடும் கணினியில் இன்னும் விண்டோஸ் 10 என்றால், அதற்கு அப்டேட் தரும் வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது.

பருத்தித்துறை: மாமாவின்ர கடை. வாயால சொன்னவர், சோதிச்சுப் பார் எண்டு. போதும்தானே?

போதாது. கையெழுத்து வாங்குங்கள்.

கொக்குவில், ஐ.ரி பொறுப்பாளர்: அப்ப இலவச ஸ்கேன் காணாதோ?

மேலே எழுதிவிட்டேன். திரும்ப வாசியுங்கள்.

கஸ்தூரியார் வீதி, நகைக்கடை உரிமையாளர்: அறிக்கை வந்தாப் பிறகு?

திருத்துங்கள், பிறகு அதே ஆளைக் கூப்பிட்டு மறுசோதனை செய்வியுங்கள். மறுசோதனையையும் சேர்த்தே விலை கேளுங்கள். அந்தக் கிழமையே பேக்கப்பில் இருந்து ஒரு கோப்பை எடுத்துத் திறந்தும் பாருங்கள்.

நல்லூர், காசாளர்: இன்னொண்டு கேக்கவேணும். முந்தநாள் வங்கியில இருந்து எண்டு ஒரு மின்னஞ்சல் வந்தது, பாஸ்வேர்ட் அடிச்சுப்போட்டன். திரும்பவும் பெயர் வாசிப்பினம் எண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லை.

இப்போதே சொல்லுங்கள், தங்கச்சி. முதலில் வங்கிக்கு அழையுங்கள். அட்டையின் பின்புறத்தில் உள்ள இலக்கத்துக்கு, மின்னஞ்சலில் உள்ளதற்கு அல்ல. வேறொரு கணினியிலோ தொலைபேசியிலோ இருந்து பாஸ்வேர்ட்டை மாற்றுங்கள். பிறகு ஐ.ரிக்குச் சொல்லுங்கள். அந்த மின்னஞ்சலை அழிக்க வேண்டாம். முகாமையாளர் கோபித்தால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.