ஸ்போர்ட்ஸ் காரில் தீயணைப்பான் வைக்க வேண்டுமா? எந்த வகை, எந்த இடத்தில்?

கேள்வி கேட்டவர் மதுரையில் பழைய இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கியிருக்கிறார். சிலிண்டர் மாட்டினால் உள்பக்கம் பார்க்க அசிங்கமாகிவிடும், பவுடர் அடித்தால் இன்ஜின் வீணாகிவிடும் என்று நண்பர்கள் தடுக்கிறார்களாம். வைப்பதா வேண்டாமா, வைத்தால் எது நல்லது என்று கேட்கிறார்.

கட்டாயம் வையுங்கள். ஆனால் எது வாங்குவது என்று யோசிப்பதற்கு முன்னால் எங்கே மாட்டுவது என்று யோசியுங்கள். இடத்தில் கோட்டை விட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியும் பிரயோஜனமில்லை.

நான் பைபாஸ் ரோட்டுப் பக்கம் கார் வயரிங் வேலை பார்க்கிறவன். நத்தம் ரோட்டில் ஊமச்சிகுளம் தாண்டி என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். வாடிக்கையாளர் தம்பி ஒருவரின் வண்டி. இன்ஜின் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் ரகம். மீட்டர் விளக்குகள் விட்டு விட்டு எரிகின்றன என்றதால், ஓட்டிப் பார்க்க நானும் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். முதலில் புகை வரவில்லை, வாடைதான் வந்தது. வயர் கருகும் வாடை, அதோடு பெட்ரோல். ஓரங்கட்டச் சொல்லி, சாவியை அணைத்து இறங்கினோம். பின் மூடியின் இடுக்கில் கறுப்பாகப் புகை.

தம்பியிடம் சிலிண்டர் இருந்தது. நல்ல சிலிண்டர்தான். மேலே சுற்றிய பிளாஸ்டிக் தாளைக்கூடப் பிரிக்காமல் முன் டிக்கியில் வைத்திருந்தார். அந்த டிக்கி கரண்டில் திறக்கும் பூட்டு. ஃபியூஸ் போய்விட்டது. பட்டனை அமுக்குகிறார், அமுக்குகிறார், அசையவே இல்லை. எதிரே வந்த தனியார் பஸ் ஒன்று நின்றது. எஃப்சி காட்ட வேண்டும் என்பதால் பஸ்ஸில் தீயணைப்பான் இருக்கும். கண்டக்டர் அதைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அதற்குள் தம்பி பின் மூடியைத் தூக்கப் போய்விட்டார்.

"ஏ தம்பி, தொறந்துராத! காத்துப் பட்டா குப்புனு பிடிச்சுக்கிரும்!"

கத்திக்கொண்டே கண்டக்டர் சிலிண்டரின் ஊசியை உருவினார். மூடியில் காற்றுப் போக வைத்திருக்கும் துளைகளில் குழாயை வைத்து அமுக்கினார். வெள்ளை மாவு மறுபக்கம் பீறிட்டது; புகை வெளுத்து அடங்கிப் போனது. எல்லாம் சில நொடிதான். சூடு ஆறிய பிறகு திறந்து பார்த்தோம். பெட்ரோல் ஹோஸின் வளைவில் மெல்லிய வெடிப்பு. அதை ஒட்டிப் போன வயரை எலி கடித்து, தாமிரம் பளபளவென்று தெரிந்தது. தல்லாகுளத்திலிருந்து தீயணைப்பு வண்டி கிளம்பி அங்கே வருவதற்குள் மிச்சம் சேஸிதான் இருந்திருக்கும். அந்தக் கண்டக்டரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கை கூப்பத் தோன்றுகிறது.

ஸ்போர்ட்ஸ் காருக்கு இந்த ஆபத்து கொஞ்சம் கூடுதல். சின்ன இடத்தில் பெரிய இன்ஜினைத் திணித்திருப்பார்கள். விரட்டி ஓட்டும்போது எக்ஸாஸ்ட் குழாயின் சூடு 500 டிகிரியைத் தாண்டும். பெட்ரோல் ஆவி தானாகப் பற்றிக்கொள்ள 250 முதல் 280 டிகிரி போதும். ஆயிலும் பிரேக் ஆயிலும் சொட்டினாலும் எரியும். புது வண்டி என்பதால் தப்பித்தோம் என்றும் இருக்க முடியாது. 2010-ல் ஃபெராரி 458 இத்தாலியாவில் சக்கர வளைவு வெப்பத் தடுப்பை ஒட்டிய பசை சூட்டில் பற்றிக்கொள்கிறது என்று 1200-க்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். 2014-ல் போர்ஷே 911 ஜிடி3-ல் கனெக்டிங் ராட் போல்ட் தளர்ந்து தீப்பிடித்ததால், 785 வண்டிகளுக்கும் இன்ஜினையே மாற்றிக் கொடுத்தார்கள். நம் ஊரில் இன்னொரு தொல்லையும் உண்டு. இந்த வண்டிகள் வாரக்கணக்கில் உறை போட்டு நிற்கும். ஹோஸ் காய்ந்து விறைக்கும், எலி குடியேறும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நேராக வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் மலையேற்றுவார்கள். பழைய வண்டியின் ரப்பர் ஹோஸ் எல்லாமே இன்றைய 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்குத் தாங்கும் என்று நம்பாதீர்கள். உங்களுடையது பழைய வண்டி. சிலிண்டர் வாங்கும் அதே வாரத்தில் பெட்ரோல் ஹோஸ் அத்தனையையும் மாற்றிவிடுங்கள்.

இப்போது இடம். சீட்டின் முன் விளிம்புக்குக் கீழே, காலுக்கு இடிக்காமல் குறுக்காகப் படுக்க வைப்பதுதான் எனக்குத் தெரிந்து சிறந்த இடம். சீட் ரெயிலைப் பிடிக்கும் போல்ட்டிலேயே மாட்டும் பிராக்கெட் கிடைக்கிறது. கிடைக்கவில்லை என்றால் லேத்தில் இரும்புப் பட்டை வளைத்துத் தருவார்கள். தரையில் கண்டபடி டிரில் போடாதீர்கள். கீழே பெட்ரோல் குழாயோ வயர் கட்டோ போகும். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற கனெக்டர் தெரிந்தால் அது ஏர்பேக் லைன். அதைப் பிடுங்காமல், உரசாமல் மாட்ட வேண்டும். மாட்டி முடித்ததும் பெல்ட் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டுங்கள். பிடி கைக்கு வர வேண்டும். வரவில்லை என்றால் இடத்தை மாற்றுங்கள்.

சும்மா சீட்டுக்குக் கீழே உருட்டிவிட்டிருப்பது, இல்லாததைவிட மோசம். பிரேக் அடித்தால் உருண்டு வந்து பெடலுக்கு அடியில் சிக்கும். பந்தயக் கார்களுக்கான சர்வதேச அமைப்பான எஃப்ஐஏ, சிலிண்டரின் பிடிமானம் 25 ஜி, அதாவது அதன் எடையைப்போல் 25 மடங்கு விசை தரும் வேகக்குறைவைத் தாங்க வேண்டும், உலோகப் பட்டைகள் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. மருந்தும் சிலிண்டருமாக 4 கிலோ என்றால் மோதலின்போது அந்தப் பட்டை 100 கிலோ பாரத்தைப் பிடிக்க வேண்டும். வாங்கும்போது கூடவே கொடுக்கும் பிளாஸ்டிக் கிளிப் இதற்கு ஆகாது.

வகைக்கு வருவோம். கட்டை, பெட்ரோல், வாயு என மூன்று வகைத் தீக்கும் ஆகிற ஏபிசி பவுடரில் இருப்பது மோனோ அம்மோனியம் பாஸ்பேட். பெட்ரோல் தீயைச் சட்டென்று அமுக்கும், விலையும் குறைவு. உங்கள் நண்பர்கள் சொல்வதும் உண்மைதான். ஈரம் பட்டால் அமிலமாகி அலுமினியத்தையும் கனெக்டர்களையும் அரிக்கும். கிளீன் ஏஜென்ட் என்று விற்கும் வாயு வகை எதையும் மிச்சம் வைக்காது, ஆனால் விலை பல மடங்கு. திறந்தவெளிக் காற்றில் கலைந்து போகும், அணைந்தது மறுபடி பற்றவும் வாய்ப்பு உண்டு. கார்பன் டை ஆக்சைடு வேண்டவே வேண்டாம். 31 டிகிரிக்கு மேல் அது திரவமாக நிற்காது, அழுத்தம் கிடுகிடுவென ஏறும். சித்திரை வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் 60 டிகிரி வரும். அங்கே அந்த உருளையை வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். எது வாங்கினாலும் ஐஎஸ்ஐ முத்திரையும், எத்தனை டிகிரி வரை தாங்கும் என்ற குறிப்பும் மேலே இருக்கிறதா பாருங்கள்.

என் ஓட்டு பவுடருக்குத்தான். இடமிருந்தால் 2 கிலோ, இல்லையென்றால் 1 கிலோ. பவுடர் பட்ட இன்ஜினைக் கழுவிச் சரிசெய்து நானே கொடுத்திருக்கிறேன். வசதி இருப்பவர்கள் கிளீன் ஏஜென்ட்டும் ஒன்று சேர்த்து மாட்டலாம். முதலில் அதை அடித்து, அடங்காவிட்டால் பவுடரை எடுக்கலாம்.

1 கிலோ சிலிண்டர் எட்டு, பத்து நொடியில் தீர்ந்துவிடும். அதனால் முதல் வேலை சிலிண்டரை எடுப்பதல்ல. வண்டியை நிறுத்தி, சாவியை அணைத்து, கூட இருப்பவரை இறக்கித் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு, 101-க்கோ 112-க்கோ போன் போடச் சொல்லுங்கள். நத்தம் ரோடு மேம்பாலம் 7 கிலோமீட்டர். அதன்மேல் ஓரமாக ஓடி ஒதுங்க இடமில்லை. அதனால் வாடை வந்ததுமே, ஏறுவதற்கு முன்பே நிறுத்துங்கள். காற்று உங்கள் முதுகில் படும்படி நின்று, மூடியை முழுக்கத் திறக்காமல் இடுக்கு வழியாகத் தீயின் அடிப்பாகத்தில் அடியுங்கள். தீ இன்ஜின் அறையைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால், ஃபைபர் உடம்பு எரியும் புகையை ஒரு மூச்சுகூட இழுக்காதீர்கள். வண்டியை விட்டுவிட்டு விலகி ஓடுங்கள், எவ்வளவு ஆசையாக வாங்கியதாக இருந்தாலும்.

மாதம் ஒருமுறை கழற்றி, அழுத்தம் காட்டும் முள் பச்சையில் நிற்கிறதா பாருங்கள். தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்குங்கள். ஓட்டத்தின் அதிர்வில் பவுடர் அடியில் இறுகும். பவுடர் அடித்த வண்டியை உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். பேட்டரியைக் கழற்றி, வாக்குவம் போட்டு உறிஞ்சி எடுத்த பிறகுதான் கழுவல். சிலிண்டரை ஒரு நொடி மட்டும் அமுக்கியிருந்தாலும் நிரப்பக் கொடுத்துவிடுங்கள். வால்வு வாயில் மாவு ஒட்டிக்கொண்டு சரியாக மூடாது, சில நாளில் அழுத்தம் முழுக்க இறங்கிவிடும்.