கொடை மேடையில் கிட்டார் சத்தம் அறுந்து அறுந்து வருவது

தம்பி, பாளையங்கோட்டை ஒத்திகையில் நன்றாக இருந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் செட் (கேபிள் இல்லாமல் கிட்டார் சத்தத்தை அனுப்புவது), கோயில் கொடைக் கச்சேரியில் கூட்டம் கூடியதும் அறுந்து வருகிறது, ஐயாயிரத்துக்குள் வேறு எது வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் செட் கெட்டுப்போயிருக்காது. வைஃபை, புளூடூத் எல்லாம் அதே அலைவரிசையில்தான் ஓடுகின்றன, வருகிற ஆள் ஒவ்வொருவர் பையிலும் ஒரு போன். போதாததற்கு மனித உடம்பும் அந்த அலையை உறிஞ்சும்.

காசு செலவழிக்குமுன் ரிசீவர், அதாவது அந்த அலையை வாங்குகிற துண்டு, எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஆம்ப் (கிட்டார் ஒலிபெருக்கிப் பெட்டி) பின்னால் சொருகியிருந்தால் எடுத்து, சின்ன கேபிள் போட்டு, நீங்கள் நிற்கிற இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இடுப்பு உயரத்தில் வையுங்கள். நடுவில் டிரம்ஸ்காரர் உட்கார்ந்திருந்தால் அவரும் சுவர்தான், பாவம்!

அப்படியும் அறுந்தால் 5.8 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். நக்ஸ் சி-5ஆர்சி அந்த ரகம். விலையைக் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். நெரிசல் குறைவு, ஆனால் தடுப்பைத் தாண்டும் திறனும் குறைவு. பெட்டியில் போட்டிருக்கும் மீட்டர் கணக்கெல்லாம் திறந்தவெளிக்கு. அப்புறம், உங்கள் கிட்டாரில் ஆக்டிவ் பிக்கப் (கம்பி அதிர்வைப் பிடிக்கிற, பேட்டரியில் ஓடுகிற கருவி) இருந்தால் சில மலிவு செட்டுகள் இரையும். கிட்டாரைக் கடைக்கே எடுத்துப்போய்ச் சொருகிக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.