மாடியில் காகம் தலையில் தட்டினால்

சனி தோஷமெல்லாம் இல்லை, பயப்படாதீர்கள். துணி காயப்போடப் போகும்போது மட்டும் தலையில் தட்டுகிறது என்றால், பக்கத்திலேயே குஞ்சு இருக்கிறது. மதுரைப் பக்கம் சித்திரை, வைகாசி என்றாலே காகம் கூடு கட்டும் காலம்தான்.

முதலில் படிக்கட்டு வாசலில் நின்றே பாருங்கள். கத்திவிட்டு அது எங்கே திரும்பிப் போய் உட்காருகிறது? வேப்பமரம், தண்ணீர்த் தொட்டியின் பின்பக்கம், பழைய ஆன்டெனா, இப்படி ஏதாவது இருக்கும். எங்கள் வீட்டில் கூடு தொட்டிக்குப் பின்னால்தான் இருந்தது, அதில் பாதிக்குமேல் கட்டுக்கம்பி! கொத்தனார் வேலை நடந்த வீட்டிலிருந்து தூக்கி வந்திருக்கும்.

குஞ்சு பறக்க மூன்று, நான்கு வாரம் ஆகும். அதுவரை குடை பிடித்துக்கொண்டு போங்கள், அல்லது கொடியை மறுபக்கம் மாற்றுங்கள். பின்னாலிருந்துதான் பாயும், அதனால் அதைப் பார்த்தபடியே நகருங்கள்.

கூட்டை மட்டும் கலைத்துவிடாதீர்கள். கோபம் கூடும், திரும்பவும் கட்டும். உள்ளே குயில் முட்டையும் இருக்கலாம். தரையில் குஞ்சு தத்தித் தத்தி நடந்தாலும் கையில் எடுக்காதீர்கள், அப்புறம் தெருக் காகமெல்லாம் கூடிவிடும்.